மூன்று நாள் கெடு
(கர்ப்பத்தடை பற்றிப் பெண்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில். நாங்குநேரியில் விவசாயத் தொழிலாளர்களும் நூல் மில் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது.)



கூலி உயர்வு, குளத்து மராமத்து, மணிமுத்தாறு கால்வாய்த் தண்ணீர் என்று எத்தனையோ விஷயங்களை இந்த இடத்தில் பேசியிருக்கிறோம். இன்று பேசப்போகிற விஷயத்தை இதுவரை பேசியதில்லை. தலைப்பைக் கேட்டதும் சில ஆண் தோழர்கள் பீடி குடிக்கிற சாக்கில் வெளியே நழுவப் பார்க்கிறீர்கள். நழுவ வேண்டாம். உட்காருங்கள். இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

பத்து நாளைக்கு முன் மாதர் தோழர்கள் தெருத் தெருவாக ஒரு காலி டப்பாவைக் கொண்டுபோனார்கள். கர்ப்பத்தடை பற்றி மனதில் உள்ள சந்தேகத்தைப் பெயர் போடாமல் எழுதிப் போடுங்கள், எழுதத் தெரியாதவர்கள் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறோம் என்றார்கள். நாலைந்து சீட்டு விழும் என்று எதிர்பார்த்தோம். டப்பா நிறைந்துவிட்டது. பெரும்பாலும் இளம் பெண்களின் கேள்விகள். கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கம் மில் விடுதிகளில் தங்கி வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பெண்களின் சீட்டுகளும் அவற்றில் உண்டு.

நாங்கள் டாக்டர்கள் அல்ல. பத்தாவது வரை படித்த கட்சி ஊழியர்கள். ஆகவே, சர்க்கார் டாக்டர்களிடமும் கிராம சுகாதார நர்சுகளிடமும் கேட்டு, எழுதி, மறுபடியும் வாசித்துக் காட்டிச் சரிபார்த்துக்கொண்டு வந்திருக்கிறோம்.

ஏன் இத்தனை சிரத்தை? ஒரு தவறு செய்தோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறோம்.

நமது தோழர் ஒருவர், லோடுமேன் வேலை பார்ப்பவர். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகவில்லை. கையில் எட்டு மாதக் குழந்தை. இன்னொரு குழந்தை இப்போது வேண்டாமென்று கணவனும் மனைவியும் சேர்ந்து முடிவு செய்து, ஆணுறை உபயோகித்து வந்தார்கள். ஒரு சனிக்கிழமை இரவு அது கிழிந்துவிட்டது. இதற்கென்று ஒரு மாத்திரை இருக்கிறதாம், மூன்று நாளைக்குள் சாப்பிட வேண்டுமாம் என்று அந்தப் பெண் எங்கோ கேள்விப்பட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவர் பஜாரில் மருந்துக்கடை கடையாக ஏறி இறங்கினார். வள்ளியூருக்குப் போனார். மறுநாள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் திருநெல்வேலி ஜங்ஷனுக்கும் போனார். எல்லா இடத்திலும் ஒரே பதில்: "அது தமிழ்நாட்டில் தடை." ஒரு கடையில் நாலு பேர் முன்னால் கேலியும் செய்தார்களாம்.

திங்கட்கிழமை சாயங்காலம் நம் ஆபீசுக்கு வந்து, "அண்ணாச்சி, இதுக்கு ஏதாவது வழி உண்டா?" என்று தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "சர்க்கார் தடை போட்டிருந்தால் நாம என்ன செய்ய முடியும், தம்பி?" என்றோம். அந்தப் பேச்சை விட்டு எப்போது விலகலாம் என்றுதான் எங்களுக்கு இருந்தது. ரேஷன் கடையில் "ஸ்டாக் இல்லை" என்றால் பதிவேட்டைக் காட்டு என்று கேட்கிற நாங்கள், "தடை" என்றதும் எந்த உத்தரவு, எந்தத் தேதி என்று கேட்கவில்லை.

அந்தப் பெண் கர்ப்பமானாள். யாரிடமும் சொல்லப் பயந்து, படிக்காத ஒரு கை வைத்தியத்தை நம்பி எதையோ குடித்தாள். ரத்தப்போக்கு நிற்கவில்லை. சர்க்கார் ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றி உயிரைக் காப்பாற்றினார்கள். ரத்தம் கொடுத்தவர்கள் நமது தோழர்கள் இரண்டு பேர். ரத்தம் கொடுக்கத் தெரிந்த நமக்கு, அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் ஒரு வார்த்தை விசாரிக்கத் தெரியவில்லை. அவள் இந்தக் கூட்டத்தில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். யாரும் தேட வேண்டாம்.

பிற்பாடு ஒரு நர்ஸ் அம்மாளிடம் இதைச் சொன்னபோது அவர் கோபமாகவே கேட்டார்: "யாரு அண்ணாச்சி தடைன்னு சொன்னா? அன்னைக்கு ராத்திரியே எனக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா?"

இனி சீட்டுகளுக்கு வருவோம்.

"அந்த மாத்திரைக்குத் தடை உண்டா, இல்லையா?"

இல்லை. லெவோநார்ஜெஸ்ட்ரல் என்பது அந்த மருந்தின் பெயர். 1.5 மில்லிகிராம், ஒரே மாத்திரை. டாக்டர் சீட்டு இல்லாமலே கடையில் விற்கலாம் என்று மத்திய சர்க்கார் 2005-ல் அனுமதித்தது. குடும்பநலத் திட்டத்தின் கீழ் சர்க்காரே இலவசமாகக் கொடுக்க வேண்டிய மருந்துப் பட்டியலிலும் அது இருக்கிறது. அப்படியிருந்தும் தமிழ்நாட்டுக் கடைகளில் பல ஆண்டுகளாக அது கிடைப்பதில்லை. இத்துறையில் வேலை செய்யும் ஒரு அமைப்பு 2020-ல் வெளியிட்ட ஆய்வின்படி, தமிழ்நாட்டில் விசாரித்த கடைகளில் நூற்றுக்கு 3 கடைகளே அதை வைத்திருந்தன. வைத்திராத கடைக்காரர்களில் நூற்றுக்கு 90 பேர் "தடை" என்றே காரணம் சொன்னார்கள். சட்டத்தில் இல்லாத தடை கடை மேஜையில் இருக்கிறது! கலாசாரம் கெட்டுவிடும் என்ற கூச்சல், அதிகாரிகள் சோதனைக்கு வருவார்களோ என்ற கடைக்காரரின் பயம், நம்முடைய வாய்மூடித்தனம் ஆகிய மூன்றும் சேர்ந்து போட்ட தடை அது.

"அது கருவைக் கலைக்கிற மாத்திரைதானே?"

அதிகச் சீட்டுகளில் வந்த கேள்வி இது. குழப்பத்துக்கெல்லாம் வேரும் இதுதான். நம் பெரிய குளத்து மடையை நினைத்துக்கொள்ளுங்கள். மடையை அடைத்தால் தண்ணீர் வயலுக்குப் போகாது. ஆனால் வயலில் பாய்ந்துவிட்ட தண்ணீரை, மடையை அடைத்துத் திருப்ப முடியுமா? பெண்ணின் உடம்பில் மாதம் ஒரு முறை சினைமுட்டை வெளிவருகிறது. ஆணின் விந்தணு பெண்ணின் உடம்புக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். இரண்டும் சந்தித்தால்தான் கரு. இந்த மாத்திரை சினைமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. கரு உண்டான பின் சாப்பிட்டால் அது கலைக்கவும் செய்யாது, உள்ளே இருக்கிற குழந்தைக்குக் கெடுதலும் செய்யாது. கருக்கலைப்பு மாத்திரை வேறு. அதை டாக்டர் மேற்பார்வை இல்லாமல் சாப்பிடவே கூடாது.

"எத்தனை நாளைக்குள் சாப்பிட வேண்டும்? வாந்தி வந்துவிட்டால்?"

மூன்று நாள், அதாவது 72 மணி நேரம் என்பது நம் நாட்டுச் சர்க்காரின் கணக்கு. ஆனால் மூன்று நாள் இருக்கிறதே என்று காத்திருக்கக் கூடாது. எவ்வளவு சீக்கிரம் சாப்பிடுகிறோமோ அவ்வளவு பலன். இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் இன்னொரு மாத்திரை வேண்டும். குமட்டல், தலைவலி, மார்பில் வலி கொஞ்சம் இருக்கலாம், ஒன்றிரண்டு நாளில் போய்விடும். மாதவிலக்கு சில நாள் முந்தியோ பிந்தியோ வரலாம். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். வலிப்பு நோய்க்கும் காசநோய்க்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு இதன் பலன் குறையக்கூடும். அவர்கள் நர்ஸிடமோ டாக்டரிடமோ அதைச் சொல்லிவிட வேண்டும்.

மூன்று நாள் தாண்டிவிட்டால் கைவிரித்துவிட வேண்டியதில்லை. ஐந்து நாளைக்குள் ஆஸ்பத்திரியில் காப்பர்-டி போட்டுக்கொண்டால், மாத்திரையைக் காட்டிலும் அது உறுதியான பாதுகாப்பு. நமது தோழரின் மனைவிக்கு அந்தத் திங்கட்கிழமைக்குப் பின்னும் மூன்று முழு நாள் மிச்சமிருந்தது. நாங்கள் இழக்க வைத்தது அந்த மூன்று நாளை.

"ஒரு தடவை சாப்பிட்டால் பிறகு பிள்ளையே பிறக்காதாமே?"

பொய். மலட்டுத்தனம் வராது. சாப்பிட்ட அந்த மாதத்திலேயே, பின்னால் சேர்ந்தால் கர்ப்பம் தரிக்கக்கூடும். ஆகவே அடுத்த மாதவிலக்கு வரை ஆணுறை அவசியம். ஆனால் இதையே வழக்கமான முறையாக வைத்துக்கொள்ளலாகாது. தினசரி முறைகளைவிட இதன் பலன் குறைவு. மாதவிலக்கும் தாறுமாறாகும். பால் வியாதிகளை இது தடுக்காது. தீப்பிடித்தால் அணைக்க வைத்திருக்கிற வாளித் தண்ணீர் இது. அன்றாடச் சமையலுக்கு வேறு பானை இருக்கிறது.

"குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது கர்ப்பம் தரிக்காது அல்லவா?"

இதை நம்பி ஏமாந்தவர்கள் அநேகர். குழந்தைக்கு ஆறு மாதம் நிரம்பாமல், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு. நாற்று நடவுக்குப் போகிற தாய் காலையில் ஒரு தடவை, பொழுதுசாய ஒரு தடவைதான் பால் கொடுக்க முடிகிறது. அவளுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. பால் கொடுக்கிற தாய்மார் அவசர மாத்திரையும் சாப்பிடலாம்.

"அன்றாடத்துக்கு எது நல்லது?"

எல்லோருக்கும் ஒன்றே நல்லது என்று சொல்வதற்கில்லை. இருக்கிறவற்றைச் சொல்கிறோம், உங்களுக்கு ஏற்றதை நர்ஸிடம் பேசி நீங்கள் தேர்ந்தெடுங்கள்.

ஆணுறை: கர்ப்பத்தையும் தடுக்கும், வியாதியையும் தடுக்கும். "நிரோத்" 1968-ல் சர்க்கார் கொண்டுவந்தது. மறு வருஷமே நம் மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் சர்க்கார் ஆலையில் உற்பத்தி தொடங்கியது. அதைச் செய்கிறவர்களும் நம்மைப் போன்ற தொழிலாளர்கள்தான். வாங்க வெட்கப்படுகிற ஆண்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

மாலா-என்: தினம் ஒன்று வீதம் சாப்பிட வேண்டிய மாத்திரை. ரத்த அழுத்தம் பார்த்த பின்பே தொடங்க வேண்டும். பிறந்து ஆறு மாதமாகாத குழந்தைக்குப் பால் கொடுக்கிறவர்களுக்கு ஆகாது.

சாயா: லக்னோவில் நம் நாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்த மாத்திரை. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. பால் கொடுக்கிறவர்களும் சாப்பிடலாம்.

அந்தரா: மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. 2017 முதல் சர்க்கார் திட்டத்தில் இருக்கிறது. மாதவிலக்கு ஒழுங்கு மாறும், சிலருக்கு நின்றும் போகும். பயப்பட வேண்டியதில்லை. ஊசியை நிறுத்திய பின் கர்ப்பம் தரிக்கச் சில மாதம் ஆகலாம்.

காப்பர்-டி: 5 வருஷ வகையும் உண்டு, 10 வருஷ வகையும் உண்டு. "அது நெஞ்சுக்கு ஏறிவிடுமாமே" என்று ஒரு சீட்டு. கர்ப்பப்பையிலிருந்து நெஞ்சுக்கு வழி கிடையாது. முதல் சில மாதம் போக்கு அதிகமாக இருக்கலாம். ரத்தசோகை உள்ளவர்கள் முதலில் அதைச் சொல்ல வேண்டும். பிள்ளை வேண்டுமென்றால் எடுத்துவிடலாம்.

"ஆண்களுக்கு ஒன்றும் கிடையாதா?"

எழுதிய சகோதரிக்கு நன்றி. உண்டு. கத்தி வைக்காமல் சில நிமிஷத்தில் முடிகிற வாசக்டமி ஆபரேஷன். அதற்குப் பின் மூன்று மாதம் ஆணுறை உபயோகித்து, பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். மூட்டை தூக்குகிற பலம் குறையாது, ஆண்மையும் போகாது. ஆனால் நடப்பது என்ன? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களின் கணக்கு நூற்றுக்கு ஒன்றுகூட வரவில்லை. பிரசவ வலியும் அவளுக்கு, கத்தியும் அவளுக்கா? கூட்டத்தில் கை தூக்கி "சமத்துவம்" என்கிற தோழர்கள் வீட்டுக்குப் போய் யோசியுங்கள்.

"கல்யாணமாகாத பெண் கேட்டால் கொடுப்பார்களா? ஊருக்குத் தெரிந்துவிடுமா?"

மருந்துக்குத் தாலி தெரியாது. வயது வந்த பெண் யாராயினும் கேட்கலாம். அவளைக் கேள்வி கேட்டு அவமானப்படுத்த எந்த ஊழியருக்கும் அதிகாரம் கிடையாது. பதினெட்டு நிரம்பாத பெண்ணென்றால் அவளோடு சேர்ந்தவன் மீது 2012-ம் வருஷப் போக்சோ சட்டம் வரும். அதற்குப் பயந்து அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் இருந்துவிடாதீர்கள். அவள் உயிர் முந்தியது.

இன்னொரு சீட்டில் ஒரே வரி: "அவள் சம்மதமில்லாமல் நடந்தால்?" எழுதியவர் யாரென்று தெரியாது. அவருக்குச் சொல்கிறோம். குற்றம் உங்களுடையது அல்ல. வன்முறைக்கு ஆளான பெண்ணுக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரியாயினும் தனியார் ஆஸ்பத்திரியாயினும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்பது 2013 முதல் சட்டம். அந்தச் சிகிச்சையில் இந்த மாத்திரையும் சேர்ந்தது. மூன்று நாள் கெடு அங்கும் உண்டு, ஆகவே தாமதிக்க வேண்டாம். மாதர் தோழர்கள் உங்களோடு வருவார்கள்.

"எல்லாம் தவறிக் கர்ப்பமாகிவிட்டால்?"

கை வைத்தியத்துக்கும் களவாக விற்கிற மாத்திரைக்கும் போகாதீர்கள். 1971 முதல் கருக்கலைப்புக்குச் சட்டம் இருக்கிறது. 2021-ல் அது திருத்தப்பட்டது. சட்டம் சொல்லுகிற காரணங்களில் கர்ப்பத்தடை முறை தவறிப்போனதும் ஒன்று. 20 வாரம் வரை ஒரு டாக்டரின் முடிவு போதும். குறிப்பிட்ட சில நிலைமைகளில் 24 வாரம் வரை இரண்டு டாக்டர்களின் முடிவு வேண்டும். கல்யாணமாகாத பெண்ணுக்கும் இதில் சம உரிமை உண்டு என்று சுப்ரீம் கோர்ட் 2022-ல் தீர்ப்பளித்தது. வயது வந்த பெண்ணின் கையெழுத்து ஒன்றே போதும், புருஷன் கையெழுத்தோ மாமியார் சம்மதமோ சட்டம் கேட்கவில்லை.

தோழர்களே! கடைசியாக ஒரு சீட்டு. எழுத்தைப் பார்த்தால் ஆண் எழுதியது: "பிள்ளை பெறாதே என்று சொல்வது பணக்காரன் பேச்சு அல்லவா? கம்யூனிஸ்டுகள் ஏன் அதைச் சொல்ல வேண்டும்?"

நியாயமான கேள்வி. ஏழை அதிகம் பெறுவதால்தான் நாட்டில் வறுமை என்று மால்தஸ் காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நிலம் யாரிடம், ஆலை யாரிடம் என்ற கேள்வியை மறைக்கிற பேச்சு அது. அந்தப் பேச்சின் பலனை நம் ஜனங்கள் உடம்பில் அனுபவித்தார்கள். 1975-77 அவசர நிலையில் ஆண்களைப் பிடித்துக்கொண்டுபோய்ப் பலவந்தமாக ஆபரேஷன் செய்தார்கள். 2014-ல் சத்தீஸ்கர் பிலாஸ்பூரில், முகாம் வைத்துச் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார்கள். அங்கே ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களில் 13 பேர் மாண்டார்கள். அத்தகைய முகாம்களை நிறுத்த வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட் 2016-ல் சொல்ல வேண்டியிருந்தது.

"பெறாதே" என்று மேலே இருந்து உத்தரவு போடுவது ஒன்று. "எப்போது பெறுவது என்பதை நான் தீர்மானிக்கிறேன்" என்று ஒரு உழைக்கும் பெண் சொல்வது முற்றிலும் வேறு. லெனின் 1913-லேயே இந்த வித்தியாசத்தை எழுதினார். மால்தஸ் கொள்கையைத் தாக்கிய அதே கட்டுரையில், கர்ப்பத்தடை பற்றிய மருத்துவ அறிவு ஜனங்களிடம் பரவுவதைத் தடுக்கும் சட்டங்களை ஒழிக்க வேண்டுமென்றும் கேட்டார். நம் தமிழ்நாட்டில் பெரியார் "குடி அரசு" நாட்களிலேயே, கர்ப்பத்தடை வேண்டுவது பெண்ணின் விடுதலைக்காக என்று வாதாடினார். நம் இயக்கமும் இதில் வழுக்கியதுண்டு. சோவியத் நாடு 1920-ல் கருக்கலைப்பு உரிமையைச் சட்டமாக்கியது, 1936-ல் அதைப் பறித்தது, 1955-ல்தான் திருப்பிக் கொடுத்தது. நாங்கள் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் வழுக்கினோம். வழுக்கியதைச் சொல்லாமல் மறைத்தால் மறுபடியும் வழுக்குவோம்.

கத்தி வேண்டுமென்றால் முகாம் வைத்துக் கூப்பிட்டார்கள். ஒரு மாத்திரை வேண்டுமென்றால் மூன்று ஊர் அலைந்தும் கிடைக்கவில்லை. இந்த முரண்பாட்டைத்தான் நாம் பிடித்துக் கேட்க வேண்டும். ஆகவே இந்தக் கூட்டத்தின் முன் நாலு வேலைகளை வைக்கிறோம்.

முதலாவது, ஒவ்வொரு கிளையிலும் இரண்டு பெண்களும் ஒரு ஆணும் நர்ஸிடம் இதை முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும். இனி நம் ஆபீசில் "தெரியாது, தம்பி" என்ற பதில் இருக்கக் கூடாது. சந்தேகமென்றால் 104-க்குப் போன் செய்தும் கேட்கலாம்.

இரண்டாவது, ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை நிலையங்களிலும் இந்த மாத்திரையும் ஆணுறையும் இருப்பில் இருக்கின்றனவா என்று மாதந்தோறும் கேட்க வேண்டும். இல்லையென்றால் மனு எழுதி, கையெழுத்து வாங்கி, ரசீதும் வாங்க வேண்டும். நர்சுகளோடு சண்டை வேண்டாம். ஏழெட்டு ஊருக்கு ஒருத்தியாக அலைகிற அவர்களும் உழைப்பாளிகள்.

மூன்றாவது, "தடை" என்று சொல்கிற கடைக்காரரிடம் மரியாதையாக ஒரே கேள்வி: "எந்த உத்தரவு, எந்தத் தேதி? காட்டுங்கள்."

நாலாவது, மில் விடுதிகளில் இருக்கிற பெண்களிடம் இதைக் கொண்டுபோக வேண்டும். தமிழ்நாட்டுத் தையல் ஆலைகளில் மாதவிலக்கு வலிக்குப் பெயர் தெரியாத மாத்திரைகளை மேற்பார்வையாளர்கள் கொடுத்தார்கள் என்று 2019-ல் செய்தி வெளியானது. என்ன மாத்திரை, எதற்கு என்று கேட்காமல் எதையும் விழுங்காதே என்று நம் பெண்களுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

டப்பா இதோ இந்த மேஜை மேலேயே இருக்கும். இன்னும் கேள்வி இருந்தால் போடுங்கள். பதில் தெரிந்தால் சொல்கிறோம், தெரியாவிட்டால் கேட்டு வந்து சொல்கிறோம். வெட்கம் பார்த்து ஒரு பெண்ணை இழக்க இருந்தோம். இனி அது நடக்கக் கூடாது.